பெட்டியில் எழுதிய பட்டம்

வேனில் முதிர்ந்தும் கார் கண் திறவாத காலம் அது. வானம் நாள்தோறும் கருக்கும், கருத்தபடியே கலையும். கடல்நீர் பருகிச் சூல்கொண்டு வரும் மேகங்களைப் பழம்பாட்டுகள் பாடும். இவையோ எதையும் பருகாதவை. வெறும் வயிற்றோடு ஊரைக் கடந்து போயின. மரங்கள் எஞ்சிய இலைகளைப் பற்றிக்கொண்டு, இன்று விடுவதா நாளை விடுவதா என்று எண்ணுவனபோல் நின்றன. புழுதி ஒன்றுதான் தளராமல் எழுந்தது. எழுந்து, சுவர்களையும் சன்னல்களையும் காத்திருப்போர் புருவங்களையும் ஒரே நிறமாக்கியது. பருவம் பொய்க்கும்போது நிலம் அழுவதில்லை. வாய் பிளந்து கிடக்கிறது, அவ்வளவே.

அத்தகைய பருவத்தில்தான் கல்லூரிகள் திறக்கின்றன. புதியவர்கள் வருகிறார்கள். பழையவர்களில் சிலர், வந்த காரியம் முடியாமலே திரும்புகிறார்கள். இரு சாராருக்கும் வாயில் ஒன்றுதான்.

அன்று திரும்பவிருந்த ஒருத்தியைக் கல்லூரியில் எல்லோரும் லேட்டு என்றே அழைத்தார்கள். இரண்டாண்டுகள் அங்கே வேதியியல் படித்தாள் என்பதைவிட, இரண்டாண்டுகள் அந்தக் கல்லூரியின் பூட்டிய வாயிலுக்கு வெளியே நின்றாள் என்பதே சரி. முதல் மணி அடித்ததும் காவலாளி வாயிலைப் பூட்டுவார். முதல் வகுப்பு முடிந்தபின்தான் திறப்பார். வருகை குறைந்தது, தேர்வு எழுத விடவில்லை, மறு ஆண்டும் குறைந்தது. இனி வந்து பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவளிடம் அலுவலக எழுத்தர், "புதுப் பசங்களுக்கு வரவேற்புக் கூட்டம் நடக்குதும்மா. பிரின்சிபால் அங்கதான் இருக்கார். வர்றவங்கள வரவேத்துட்டுத்தானே போறவங்கள அனுப்ப முடியும்? கொஞ்சம் உக்காரு" என்றார். அவர் அதை நகைச்சுவை என்று எண்ணியிருக்க வேண்டும். தானே சிரித்தும் கொண்டார்.

அவள் மிதிவண்டிக் கொட்டகையின் நிழலுக்குப் போனாள். அங்கே ஒருவர் ஒரு தகரப் பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். நகக்கண்களில் பல நிறச் சாயம். காதுமடலில் நீலமாய் ஒரு புள்ளி. பெட்டியோ கரும்பச்சை. அதன் மூடியில், நிழல் விழுந்தாற்போலத் தீட்டிய மஞ்சள் எழுத்துகள், மூலைக்கு ஒரு பூவோடு, வெயிலில் கண்ணைப் பறித்தன. பெயர் ஓரத்தில் சிறியதாய் இருந்தது. நடுவே பெரியதாய் இருந்தது பட்டம்:

டே ஸ்காலர்.

"நல்லா எழுதியிருக்காங்க" என்றாள் லேட்டு.

"எழுதியிருக்காங்க இல்லம்மா, எழுதியிருக்கேன்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வண்டிக்கு எழுதறவன் நான். லாரி, வேன், எது வந்தாலும் முன்னாடி சாமி பேர், பின்னாடி முதலாளி பேர். ரோட்டுல பின்னால வர்றவன் என் எழுத்தப் படிச்சு முடிச்சுட்டுத்தான் முந்தறதப் பத்தியே யோசிப்பான். இது சொந்தப் பெட்டி, விடுவேனா? கீறல் விழுந்தா தொட்டுவைக்க டப்பாவும் பிரஷ்ஷும் கையோட கொண்டாந்திருக்கேன்." பக்கத்தில் கிடந்த துணிப்பையைத் தட்டிக் காட்டினார். பிறகு, ஒரே படையில் இருப்பவர் கேட்பதுபோலக் கேட்டார்: "நீயும் டே ஸ்காலரா, இல்ல சும்மா ஹாஸ்டல்தானா?"

அந்தச் ‘சும்மா’ அவளை நிறுத்தியது.

"உங்க பொண்ணு எங்க தங்கப் போறா, அங்கிள்?"

"எங்கயா? இங்கதான்." மரங்களுக்கு அப்பால் தெரிந்த விடுதிக் கட்டடத்தை அவர் மோவாயால் காட்டினார். "அவ்ளோ பெருசா கட்டிவெச்சிருக்காங்க, ஒரு ஸ்காலருக்குக் கட்டில் இல்லாமலா போயிடும்? அட்மிஷன் அன்னைக்குக் கவுன்ட்டர்ல கேட்டாங்கம்மா, பொண்ணு ஹாஸ்டலரா, டே ஸ்காலரான்னு. பாப்பா அந்த நேரம் பாத்து போட்டோ ஒட்ட பசை தேடிப் போயிருந்தா. நான் யோசிக்கவே இல்ல. ஒண்ணுல தங்கறது மட்டும்தான் இருக்கு, இன்னொண்ணுல படிப்பு இருக்கு. ராத்திரி காலேஜ் வேற இருக்கு பாரு, அதான் இதுக்கு டேன்னு பேர் வெச்சிருக்காங்க. டே ஸ்காலர்னே போடுங்கன்னேன். அந்தம்மா ரெண்டு தடவை கேட்டாங்க, நெஜமாத்தானான்னு. நெஜமாத்தான், என் பொண்ணு மார்க்கப் பாருங்கன்னேன்."

மண்டபத்து ஒலிபெருக்கி அப்போது முதல்வரின் குரலை முற்றத்தில் இறைத்துக்கொண்டிருந்தது. "மாணவச் செல்வங்களே! காலையில் எழுந்ததும் அன்றைய பாடத்தை ஒருமுறை வாசியுங்கள். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். மாலையில் நூலகத்தில் அமருங்கள்; அதன் கதவுகள் உங்களுக்காக இரவுவரை திறந்திருக்கும். விடுதியிலிருந்து வகுப்பறை கூப்பிடு தூரம். ஆகவே தாமதத்துக்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது."

வண்டி எழுத்தர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். தம் மகளுக்காகவே சொல்லப்படுவனபோல அவற்றை வாங்கி வைத்துக்கொண்டார்.

சொல்லலாமா வேண்டாமா என்று லேட்டு சற்றே தயங்கினாள். விடுதி இடங்களை அன்று மாலையோடு முடித்துவிடுவார்கள். அதன்பின் ஒரு விதி உண்டு: வெளியிலிருந்து வருபவராகச் சேர்ந்தவர் கடைசிவரை வெளியிலிருந்தே வரவேண்டும். அவளுக்கு அது நேர்ந்திருந்தது. அத்தை வீடு இதே ஊரில் இருக்கிறது என்று எழுதிச் சேர்ந்தாள். அத்தை குடும்பம் வேலை மாற்றலில் போயிற்று. விதி மட்டும் போகவில்லை. இவர் மகளுக்கோ இன்னும் ஒரு மாலைப்பொழுது மிச்சமிருந்தது. ஒரு கட்டில் கிடைத்தால் இவள் படிப்பாள்; கிடைக்காவிட்டால் இன்னொரு லேட்டு.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. டே ஸ்காலர்னா... ஹாஸ்டல் வேண்டாம், வெளில தங்கி தினமும் வந்து போறேன்னு அர்த்தம்."

அவர் சிரித்தார். "சேச்சே. அது விசிட்டர்மா."

அவள் சிரிக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். பிறகு, எழுத்தில் பிழை இருக்கிறதா என்று சரிபார்ப்பவர்போல, ஒவ்வோர் எழுத்தாக மீண்டும் பார்த்தார்.

கூட்டம் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தனர். கையில் ஒரு காகிதப் பையோடு வந்த மகளை அவர் எழுந்து எதிர்கொண்டார். "பாப்பா, இந்த அக்கா என்னமோ சொல்லுதும்மா. நம்ம போட்டது வேறயாம்."

பாப்பா லேட்டைப் பார்த்தாள். அப்பார்வையில் வியப்பு இல்லை, கலக்கமும் இல்லை. கோபம் போன்ற ஏதோ ஒன்று தோன்றி மறைந்தது. "இருக்கட்டும்பா" என்றாள். "அதெல்லாம் பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாமா? இன்னைக்கு சாயங்காலம்தான் கடைசியாம். வா, வா. ஈரமா இருக்கறப்பவே துடைச்சாத்தான் உண்டு."

விடுதி அலுவலகத்தில் நல்ல நெரிசல். பெற்றோர் பலர் படுக்கைச் சுருளும் வாளியுமாக நின்றனர். வார்டன் அம்மாள் நரைத்த தலையும் தொண்டை கட்டிய குரலுமாக, காலையிலிருந்து பேசிப் பேசிக் களைத்தவர். வண்டி எழுத்தர் பெட்டியை மேசைக்கு முன் இறக்கிவிட்டு, கைகூப்பி, நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே தம் பிழை சிறியது என்று காட்ட இடையிடையே சிரித்தார்.

வார்டன் அவரைக் கேட்டுக்கொண்டே அவர் பின்னால் நின்ற பாப்பாவைக் கண்டார். கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாப்பா தலையை மிக மெல்ல அசைத்தாள். வார்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டிக்கொண்டார்.

"பாருங்க சார், வேணும்னு கேட்டவங்களுக்கே இடமில்ல. ஒரு ரூம்ல போடற கட்டிலுக்கு மேல ஒண்ணு சேத்துப் போட்டிருக்கேன். நீங்க வேண்டாம்னு சொன்னவங்க."

"நான் எப்பம்மா வேண்டாம்னு சொன்னேன்?"

"டே ஸ்காலர்னா அதுதான் சார்."

"ஸ்காலர்னா படிப்பாளின்னு..." அவர் முடிக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் களுக்கென்று சிரித்து, பெட்டியின் எழுத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அந்த நிறுத்தம் சிரிப்பைவிடக் கொடியதாக இருந்தது.

"தரையில படுத்துப்பாம்மா. ஒரு பாய் போதும். பெட்டிய வேணும்னா நான் திரும்ப எடுத்துட்டுப் போயிடறேன், இடத்த அடைக்காது."

"தரையும் இல்ல சார்." வார்டனின் குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் அதோடு மோதியாவது பார்த்திருக்கலாம்.

வெளியே வந்ததும் அவர் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். "காஞ்சுடுச்சு" என்றார் யாரையும் பாராமல். "இனிமே சுரண்டினா தகரம்தான் பேரும்."

லேட்டின் கைக்கு இதற்குள் அவளுடைய சான்றிதழ் வந்துவிட்டது. நடத்தை என்ற இடத்தில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார்கள். அதை மடித்து வைத்துக்கொண்டு அவள் கிளம்பியிருக்கலாம். மாலை வண்டிக்கு அவள் மூட்டை கட்டியாயிற்று. ஊரில் அண்ணன் வைத்திருக்கும் நகலெடுக்கும் கடையில், கல்லூரிப் பிள்ளைகளின் பாடக்குறிப்புகளை இயந்திரத்தில் குப்புறக் கவிழ்த்து எடுக்கும் வேலை காத்திருந்தது. ‘இங்கயும் புஸ்தகம்தானே, பக்கம் பக்கமா பாத்துக்கோ’ என்று அண்ணி போனில் சொல்லியிருந்தாள்.

ஆயினும் அவள் கேட்டாள்: "தங்க இடம் ஏதாவது பாத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. இங்கன்னுதானே வந்தோம். காலேஜ் பக்கத்துல..."

"பக்கத்துல தனியா ஒரு பொண்ணுக்குக் குடுக்கமாட்டாங்க. நான் ஏறி இறங்காத படி இல்ல."  தான் அடுத்துச் சொல்லப்போவது உதவியா கேடா என்று அவளுக்கே தெரியவில்லை. மூழ்கியவள் தன் ஓட்டைப் படகை இன்னொருத்திக்குக் கொடுப்பதை எந்தப் பெயரால் அழைப்பது? "நான் இன்னைக்கு என் ரூமைக் காலி பண்றேன். நல்ல ரூம்னு சொல்லமாட்டேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

பேருந்தில் ஏறினர். ஊர் மெலிந்து, கிடங்குகளும் பட்டறைகளும் தொடங்கும் இடத்தில், பேருந்து நின்றது. குறுக்கே இருப்புப்பாதை, அதன் வாயில் தாழ்ந்திருந்தது. "கேட் போட்டாச்சு" என்று நடத்துநர் உறங்கப் போனவர்போலச் சாய்ந்தார். பயணிகள் பலர் இறங்கினர். தடுப்புக் கம்பியின் அடியில் குனிந்து, தண்டவாளத்தை எட்டு வைத்துத் தாண்டி, அப்பக்கம் போயினர்.

"இது எப்பம்மா திறக்கும்?"

"கூட்ஸ் வண்டிக்கு டைம்டேபிள் கிடையாது அங்கிள். அது வர்றப்ப வரும். காலைல முதல் பஸ்ஸும் இங்கதான் வந்து நிக்கும். அதுக்கு முந்தி பஸ் இல்ல."

"அப்ப எல்லாரும் குனிஞ்சு போறாங்களே, நாமளும் இறங்கிடலாமே. பெட்டிய நான் தூக்கிக்கறேன்." அவர் எழுந்தார்.

"உக்காருங்க!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. அத்தனை உரத்த குரல் தன்னிடம் இருந்ததை லேட்டும் அப்போதுதான் அறிந்தாள். அவர் உட்கார்ந்தார். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசினாள். ஆனால் பேசியது பாப்பாவிடம்.

"இந்தப் பக்கம் குடிவந்த புதுசுல நானும் குனிஞ்சுதான் போனேன். அப்ப லேட்டே ஆனதில்ல. ஒரு நாள் எனக்கு முன்னாடி ஒருத்தர் டிபன் பாக்ஸோட குனிஞ்சார். ஒரு வண்டி போயிடுச்சுன்னு எல்லாரும் கிளம்பினோம். அந்தப் பக்கத்து லைன்ல இன்னொண்ணு வந்துச்சு. செருப்பு மட்டும் இந்தப் பக்கம் கிடந்துச்சு. அதுக்கப்புறம் என்னால குனிய முடியல. காலேஜ்ல காரணம் கேட்டாங்க. கேட் போட்டாங்கன்னு சொன்னேன். தினமும் ஒரே காரணமான்னு சிரிச்சாங்க. தினமும் ஒரே கேட்தானே."

சரக்கு வண்டி வந்தது. நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது. அதன் பெட்டிகள் ஒவ்வொன்றும் கடந்தபோது அவர்கள் முகங்களில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுந்தன.  வாயில் உயர்ந்தது.

அறை, பழைய டயர்களுக்கு மறுதோல் ஒட்டும் பட்டறையின் மேலே இருந்தது. வெந்த ரப்பரின் நெடி படியேறுமுன்பே எதிர்கொண்டது. கீழே நின்ற டயர்க்காரர், சேதி கேட்டதும், "ஒருத்தி போனா இன்னொருத்தியா? எனக்கென்ன, விளக்க அணைச்சா சரி" என்று சொல்லிவிட்டு மீண்டும் டயருக்குள் தலையை விட்டுக்கொண்டார். மேலே ஒரு கட்டில், ஒரு மேசை, கம்பியில்லாத சன்னல் ஒன்று, மூலையில் கட்டிவைத்த லேட்டின் மூட்டை. வெள்ளை அடித்த சுவர் முழங்கால் உயரம்வரை சாம்பல் நிறமாகி இருந்தது. விளக்கைப் போட்டார்கள், குமிழ் ஒருமுறை கண்சிமிட்டி அணைந்தது.

"நல்ல சகுனம்" என்றார் வண்டி எழுத்தர். அன்று காலையில் அவரிடம் இருந்த வாய்த்துடுக்கின் கடைசித் துணுக்கு அது. "நான் போய் ஒரு பல்பு வாங்கிட்டு வரேன்." படிகளில் அவர் இறங்கும் ஓசை, பழக்கமில்லாத படிகளில் இறங்குபவரின் ஓசையாகவே கேட்டது.

லேட்டு பேசத் தொடங்கினாள். மௌனத்தைவிட அது எளிதாக இருந்தது.

"துணிய வெளில காயப்போடாதே, கறுப்புப் பொடி படியும். இந்த சன்னலுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கேன், அதையே வெச்சுக்கோ. குழாய்ல தண்ணி வர்ற சத்தம் பாம்பு சீறற மாதிரி இருக்கும், பயப்படாதே, வந்ததும் வாளியப் பிடிச்சு வெச்சுடு. மழை வந்தா, வந்தா சொல்றேன், கட்டிலை அந்த மூலைக்குத் தள்ளிடு. சாயங்காலம் லைப்ரரில உக்காரணும்னு பிரின்சிபால் சொன்னாரே, அது ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு. நீ கடைசி பஸ்ஸப் பாக்கணும். மத்தியானம் சாப்பிட்டதும் போ. சன்னல் பக்கம் உக்காராதே, தூக்கம் வரும். பிராக்டிகல் அன்னைக்கு லேப் உதவியாளர்கிட்ட முன்னாடியே சொல்லிடு, பர்னர் ஒதுக்கி வெப்பார். நோட்ஸ் யார் கேட்டாலும் குடு, ஆனா கையெழுத்துப் பிரதிய விடாதே, நகல் குடு. எங்க அண்ணன் குடும்பமே அதுல பிழைக்குது." அவள் தன் வேடிக்கைக்குத் தானே சிரிக்கப் பார்த்தாள். "உடம்புக்கு முடியலன்னா யார்கிட்டயாவது சொல்லு. இங்க கதவ சாத்திட்டுப் படுத்தா யாருக்கும் தெரியாது. அப்புறம்... நாளைக்கே போய், முதல் பீரியட் எடுக்கறவங்ககிட்ட, இந்த கேட்டைப் பத்திச் சொல்லிடு. வெக்கப்படாதே. நான் ரொம்ப நாள் கழிச்சுச் சொன்னேன். அப்ப அது சாக்கு மாதிரி ஆயிடுச்சு."

"சொன்னா ஒத்துப்பாங்களாக்கா?"

லேட்டு சன்னல் கயிற்றின் முடிச்சை இறுக்கினாள். "தெரியல" என்றாள்.

பாப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். எழுத்துகளின் மேல் உட்காராமல், ஓரமாக.

"நீங்க அப்பாகிட்ட சொல்லியிருக்க வேண்டாம்க்கா."

"என்ன?"

"டே ஸ்காலர்னா என்னன்னு எனக்குத் தெரியும். அவர் பெட்டில எழுதி முடிச்சுக் கூப்பிட்டுக் காட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு, என்ன போட்டுட்டு வந்திருக்கார்னு. அப்பா வண்டி எழுதற பட்டறைல இருந்த எல்லாரும் வந்து நின்னாங்க. டிரைவர்ங்க எல்லாம் கைதட்டினாங்க. ஒருத்தர், ‘உம் பொண்ணு டாக்டருக்கு மேலய்யா’ன்னார். அப்பா திரும்பி என்னைப் பாத்தார். அந்த முகத்தப் பாத்துட்டு எப்படிக்கா சொல்றது? காலேஜ்ல போய் நானே மாத்திக்கலாம், அவருக்குத் தெரியாமயே கட்டில் வாங்கிடலாம்னு இருந்தேன்."

"அப்ப வார்டன்..."

"காலைல வந்ததுமே போய்க் கேட்டுட்டேன். அப்பவே இல்லன்னுட்டாங்க. அப்பாவ பஸ் ஏத்திவிட்டுட்டு நானே எங்கயாவது இடம் தேடிக்கலாம்னு நினைச்சேன். அவர் ஊருக்குப் போறவரைக்கும் நான் டே ஸ்காலராவே இருந்திருப்பேன்."

லேட்டு கட்டிலில் அமர்ந்தாள். தான் ஓடி ஓடிக் காக்க முயன்ற கட்டில் காலையிலேயே இல்லாமல் போயிருந்தது. எஞ்சியிருந்தது ஒரு தகப்பனின் பெருமை ஒன்றே. அதைத்தான் அவள் தன் கையால், நல்ல எண்ணத்தோடு, பலர் முன்னிலையில் உடைத்துவிட்டிருந்தாள். இரண்டாண்டுகள் எங்கும் நேரத்துக்குப் போய்ச் சேராதவள் இன்று ஒரே ஒரு முறை முந்திக்கொண்டாள். அதுவும் இப்படி ஆயிற்று.

"மன்னிச்சுடும்மா" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், விடுங்கக்கா." பாப்பாவின் குரலில் கொட்டகையில் தெரிந்த கோபம் இப்போது இல்லை. "நான் காலைல கேட்டது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம். எனக்கு முன்னமே தெரியும்னா, பட்டறைல நான் சிரிச்சதும் பொய்னு ஆயிடும்."

படிகளில் ஓசை கேட்டது. வண்டி எழுத்தர் உள்ளே வந்து, கட்டில்மேல் ஏறிக் குமிழை மாட்டினார். அறை ஒளி பெற்றது. ஒளியில் அதன் சிறுமை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இறங்கியவர் பெட்டியருகே குந்தி, பையிலிருந்து ஒரு துணியையும் தகட்டுக் கத்தியையும் எடுத்தார்.

"எந்திரி பாப்பா. இத எடுத்துடறேன். நாளைக்கு யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"வேண்டாம்பா."

"சிரிப்பாங்கம்மா."

"எழுத்து நல்லா இருக்குப்பா. இப்ப அது நிஜம்தானே? நான் டே ஸ்காலர்தானே?"

அவர் கத்தியைப் பிடித்தபடியே மகளைப் பார்த்தார். அந்தச் சொல்லில் அவர் கண்ட பொருளும், ஊர் கண்ட பொருளும், இப்போது மகள் கண்ட பொருளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, முதலில் பூசிய நிறம் எதுவென்று தெரியாதபடி ஆகிவிட்டன. கத்தி பைக்குள் போயிற்று. சிறிய மஞ்சள் டப்பா வெளியே வந்தது.

"டயர்க்காரர் ஏதும் சொல்வாராம்மா, செவுத்துல எழுதினா?"

"அவர் மேல வந்து பாத்ததே இல்ல அங்கிள்."

அவர் கைகளை வாளித் தண்ணீரில் கழுவினார். சட்டை நுனியில் துடைத்தார். வண்டி எழுதத் தொடங்குமுன் செய்வதுபோலத் தூரிகையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். மேசையைக் கதவருகே இழுத்துப்போட்டு ஏறினார். கதவு நிலைக்கு மேலே, உள்ளிருந்து வெளியே போகிறவர் கண்ணில் படும் இடத்தில், சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எந்த வண்டிக்கும் முதலில் உரிமையாளர் சொல்லும் தெய்வத்தின் பெயர். அதன்பின் ‘துணை’ என்ற சொல். அவர் அறிந்த வரிசை அது. தூரிகையைத் தோய்த்துக் கையை உயர்த்தியவர், பெயருக்குரிய இடத்தில் அதை நிறுத்தினார். நெடுநேரம் நிறுத்தினார். எவரை அழைப்பது? யார் காதில் இது விழும்? நாத்துடுக்கு மிக்க அந்த மனிதரின் உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. பிறகு அவ்விடத்தை வெறுமையாக விட்டு, சற்றுத் தள்ளி, மெல்ல எழுதினார்:

துணை

கடைசி வளைவு சிறிது கோணிற்று. அதைத் திருத்தவில்லை. கீழே இறங்கி, கண்மூடி, கைகூப்பி நின்றார். பாப்பாவும் நின்றாள். லேட்டும் நின்றாள். கீழே பட்டறையின் உலை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே மேகம் கருத்து, வழக்கம்போலவே கலைந்துகொண்டிருந்தது.

லேட்டு தன் மூட்டையை எடுத்தாள். சாவியைப் பாப்பாவின் கையில் வைத்தாள். படியருகே போனவளை வண்டி எழுத்தர் அழைத்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். இந்த இடத்துல இருந்து போறே. குழந்தைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போ."

"நானா அங்கிள்?" அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "என் வார்த்தை எதுக்கு ஆகும்? நான் முடிக்காமப் போறவ."

"முடிச்சவங்க யாரும் எங்களுக்கு ரூம் குடுக்கலையேம்மா."

பாப்பா வந்து அவள்முன் தலைகுனிந்து நின்றாள். லேட்டு மூட்டையைக் கீழே வைத்தாள். நன்றாகப் படி என்று சொல்ல எண்ணினாள், அது வரவில்லை. பெரிய ஆளாக வருவாய் என்று சொல்ல எண்ணினாள். அதை அவளால் நம்ப முடியவில்லை. நம்பாத ஒன்றை வாழ்த்தாக வைத்துவிட்டுப் போக மனம் இசையவில்லை. அந்தப் பெண்ணின் உச்சியில் கையை வைத்து, தனக்குத் தெரிந்த ஒரே வேண்டுதலைச் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல கேட் திறந்திருக்கட்டும்."